ஏழு சபைகளுக்கான திருமுகங்கள்: தொலைநோக்கும் அண்மை நோக்கும்

விவிலியத்தின் இறுதி நூலைத் தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ எனவும் கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ எனவும் வழங்குவர். அதன் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில், உரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்திலிருந்த ஏழு சபைகளுக்கு ஏழு செய்திகள் அனுப்பப்படுகின்றன. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்பன அச்சபைகள் இருந்த நகரங்கள். விலங்குகளும் எக்காளங்களும் கோபக் கலசங்களும் நிறைந்த பின்னைய அதிகாரங்களோடு ஒப்புநோக்குமிடத்து இச்செய்திகள் எளியனவாகவே தோன்றும். ஆயினும் அவை எக்காலத்தை நோக்கியன என்ற வினா நீண்ட விவாதத்துக்கு உரியதாயிற்று. அவை எழுதியவர் அறிந்திருந்த ஏழு சபைகளைப் பற்றியனவா? அல்லது கிறிஸ்தவ வரலாற்றில் அடுத்தடுத்து வரவிருந்த ஏழு யுகங்களை முன்னறிவிப்பனவா? இவ்வினாவுக்கான விடை காலக்கணக்கோடு நின்றுவிடுவதன்று. ஒரு கண்டனத்தை வாசகன் தன்மீது ஏற்பானா, பிறர்மீது சுமத்துவானா என்பதையும் அவ்விடையே பெரிதும் தீர்மானிக்கின்றது. அந்த வகையிலேயே இத்திருமுகங்களின் பொருள் இங்கு ஆராயப்படுகின்றது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். இந்நூல் தன்னையே ஒரு தீர்க்கதரிசனம் என அழைத்துக்கொள்கின்றது. ‘தீர்க்கம்’ என்பது நீட்சி. ‘தரிசனம்’ என்பது காட்சி. எனவே தமிழ் வாசகனுக்கு இச்சொல் நெடுந்தொலைவிலுள்ளதைக் காணும் ஆற்றலையே முதலில் உணர்த்துகின்றது. மூலமாகிய கிரேக்கச் சொல்லோ இறைவன் சார்பில் பேசுதலையே முதன்மையாகக் குறிக்கும். எபிரேய மரபில் ஆமோஸ், எரேமியா முதலியோர் ஆற்றிய பணியும் இதுவே. சமாரியாவின் செல்வர் ஏழைகளை விலைபேசுவதை ஆமோஸ் கண்டார்; கண்டதைக் கண்டித்தார்; அதன் விளைவு யாதாகும் என்பதையும் அறிவித்தார். வருவதுரைத்தல் அவரிடம் உண்டு. ஆயின் அது தம் கண்முன் நிகழ்வதைக் கண்டதிலிருந்து பிறந்தது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘இறைவாக்கு’ என்ற சொல்லை ஆள்வது இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. பழஞ்சொல்லை நாம் கைவிடவேண்டியதில்லை. ஆனால் அது நம் வாசிப்பை முன்கூட்டியே ஒரு திசையில் சாய்த்துவிடக்கூடும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இத்திருமுகங்கள் எழுந்த சூழலை அடுத்து நோக்குவோம். இவற்றை எழுதிய யோவான் ஏஜியன் கடலிலுள்ள பத்மு என்னும் தீவிலே காட்சி கண்டதாகக் கூறுகிறார். இரண்டாம் நூற்றாண்டினரான இரெனேயு இந்நூலை டொமிற்றியன் ஆட்சியின் (கி.பி. 81-96) இறுதிப் பகுதிக்குரியதாகக் கொண்டார். நீரோவின் மறைவை ஒட்டிய ஆண்டுகளுக்கு உரியதெனக் கொள்வாரும் உளரெனினும், ஆய்வாளருட் பெரும்பான்மையோர் முன்னைய கருத்தையே ஏற்பர். ஏழு நகரங்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் உள்ளன. எபேசுவில் தொடங்கி, வடக்கே சிமிர்னாவுக்கும் பெர்கமுவுக்கும் சென்று, பின் தென்கிழக்காகத் திரும்பி லவோதிக்கேயாவை அடையும் ஒரு வழிப்போக்கனின் பாதையிலே அவை வரிசையாக அமைந்துள்ளன. இவ்வரிசை ஒரு தூதுவனின் பயண ஒழுங்கு என்பதை 1904இல் வெளியான தமது நூலில் வில்லியம் றாம்சே எடுத்துக்காட்டினார். யுகங்களின் வரிசையைத் தேடுவோர் இந்த எளிய விளக்கத்தை முதலில் எதிர்கொள்ள வேண்டியவராவர்.

ஏழும் ஏறத்தாழ ஒரே அமைப்பை உடையன. முதலில் விளி வரும். பின்பு பேசுபவராகிய கிறிஸ்து முதலாம் அதிகாரக் காட்சியிற் பெரும்பாலும் இடம்பெற்ற ஒரு பண்பினால் தம்மை அறிமுகம் செய்வார். சபையின் நிலையைத் தாம் அறிந்திருப்பதாகக் கூறுவார். பாராட்டும் கண்டனமும் அறிவுரையும் தொடரும். வெற்றிகொள்பவருக்கு ஒரு வாக்குறுதியும், செவியுடையோர் கேட்கவேண்டும் என்ற அழைப்பும் இறுதியில் அமையும். இவற்றின் தொடக்க வாய்பாடு பழைய ஏற்பாட்டுக் கிரேக்க மொழிபெயர்ப்பில் இறைவாக்கினர் ஆண்டது. அரசரின் ஆணைகளிலும் பயின்றது. இதனைச் சுட்டிய டேவிட் ஓன், இவற்றைக் கடிதங்கள் என்பதிலும் ஆணையோலைகள் என்பதே பொருந்தும் என வாதிட்டார். பேரரசரின் ஆணைகள் முழங்கிய நகரங்களிலே வேறோர் அரசரின் ஆணை வாசிக்கப்படுகின்றது என்பது அவ்வமைப்பினாலேயே உணர்த்தப்படும் கருத்தாகும்.

இனி யுகக் கொள்கையை நோக்குவோம். இதற்கு முழுதும் ஆதாரமில்லை எனக் கூறுதல் நீதியாகாது. ஆசியா மாகாணத்தில் ஏழு சபைகள் மட்டும் இருக்கவில்லை. கொலோசே, துரோவா, எராப்போலி ஆகிய இடங்களிலும் சபைகள் இருந்தன. எனவே ஏழு என்பது தெரிந்தெடுக்கப்பட்ட எண். முழுமையைக் குறிக்கும் எண். மிகப் பழைய உரையாசிரியருள் ஒருவரான பெற்றாவு நகர் விக்டோரினு இவ்வேழிலும் சபையின் பல்வேறு நிலைகளைக் கண்டார். முறற்றோரியின் துணுக்கு எனப்படும் பழைய பட்டியலும், யோவான் ஏழு சபைகளுக்கு எழுதினாலும் எல்லாருக்குமே பேசுகிறார் என்ற கருத்தைத் தருகின்றது. ஆனால் முழுமை வேறு, தொடர்ச்சி வேறு. ஒரே காலத்தில் எங்கும் காணத்தக்க ஏழு நிலைகள் என்பதிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஏழு காலங்கள் என்பதற்குச் செல்லப் பாடத்தில் வழி இல்லை. ஒரு சபையின் காலம் முடிந்து மற்றதன் காலம் தொடங்குகிறது என்ற குறிப்பு இரு அதிகாரங்களிலும் எங்குமே காணப்படவில்லை.

யுகக் கொள்கையின் வரலாறே அதன் குறையைக் காட்டுகின்றது. இங்கிலாந்தின் தோமஸ் பிறைற்மன் (1562-1607) சர்தையை ஜேர்மனியச் சீர்திருத்தச் சபையாகவும், பிலதெல்பியாவை ஜெனீவா, ஸ்கொட்லாந்துச் சபைகளாகவும், லவோதிக்கேயாவை இங்கிலாந்துத் திருச்சபையாகவும் கொண்டார். தம் சபையையே கண்டனத்துக்கு உள்ளாக்கிய அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் 1909இல் வெளிவந்த ஸ்கொபீல்ட் விவிலியப் பதிப்பின் குறிப்புகள் இவ்வகை வாசிப்பை உலகெங்கும் பரப்பின. அவ்வாசிப்பில் தியத்தீரா இடைக்காலப் பாப்பரசு ஆட்சியாகவும், சர்தை சீர்திருத்தச் சபைகளாகவும், லவோதிக்கேயா இறுதிக்கால விசுவாச மறுப்பாகவும் ஆயின. பிறைற்மனுக்குப் பதினேழாம் நூற்றாண்டின் வாசல் லவோதிக்கேயா. இவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு லவோதிக்கேயா. வாசகன் எந்நூற்றாண்டில் நிற்பினும் இறுதித் திருமுகம் அவனுடைய காலத்துக்கே நகர்ந்து வந்துவிடுகின்றது. இவ்வாறு நகரும் அட்டவணையை முன்னறிவிப்பு என்று கொள்வது கடினம்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இவ்வட்டவணை மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் வரலாற்றையே கிறிஸ்தவ வரலாறாகக் கொள்கின்றது. ஆர்மீனியாவிலும் எதியோப்பியாவிலும் பாரசீகத்திலும் கேரளத்திலும் நெடுங்காலம் வாழ்ந்த சபைகளுக்கு இதில் இடமே இல்லை. பாப்பரசையும் சீர்திருத்தத்தையும் அறியாது நூற்றாண்டுகளைக் கடந்த தோமையார் மரபுக் கிறிஸ்தவர் எந்த யுகத்தைச் சார்ந்தவர்? உலகுக்கெல்லாம் உரியதென உரிமை கோரும் ஓர் அட்டவணை இத்தகைய வினாவுக்கு விடைகூற இயலாதாயின் அதன் உரிமைகோரல் தளர்ந்துவிடுகின்றது.

யுகக் கொள்கையோடு ஒட்டி வேறொரு வாசிப்பும் வழங்கிவந்துள்ளது. ஏழு நகரங்களின் பிற்கால விதியே இத்திருமுகங்களின் நிறைவேற்றம் என அது கூறும். எபேசுவின் துறைமுகம் வண்டலால் தூர்ந்து நகரம் பாழானது. குற்றம் காணப்படாத சிமிர்னாவும் பிலதெல்பியாவும் நிலைத்தன என்பது அதன் வாதம். பிலதெல்பியா பிற நகரங்கள் வீழ்ந்த பின்னும் நெடுங்காலம் நின்று, 1390இலேயே உதுமானியர் வசமாயிற்று என்பது உண்மை. ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1922இல் சிமிர்னா பெருந்தீயில் அழிந்தது. அவ்வாண்டின் போர் முடிவும் 1923ஆம் ஆண்டின் கட்டாய மக்கட் பரிமாற்றமும் அப்பிரதேசத்துக் கிரேக்கக் கிறிஸ்தவரைப் பெரும்பாலும் வேரோடு பெயர்த்துவிட்டன. பிலதெல்பியாவின் கிறிஸ்தவ சமூகமும் இவ்வாறே மறைந்தது. நிலைத்திருத்தல் புண்ணியத்தின் சான்று எனின், பெயர்க்கப்பட்டோர் குற்றவாளிகள் ஆவர். துன்புற்றோரைத் தேற்ற எழுந்த ஒரு நூலைத் துன்புற்றோருக்கு எதிரான சாட்சியாக்கும் இவ்வாசிப்பை அறத்தின் பொருட்டேனும் மறுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் இத்திருமுகங்கள் எதனைக் காண்கின்றன? சிமிர்னாவையும் லவோதிக்கேயாவையும் அருகருகே வைத்து நோக்கின் விடை தெளிவாகும். சிமிர்னாவின் சபை வறியது; பேசுபவரோ அதனைச் செல்வமுடையது என்கிறார். லவோதிக்கேயாவின் சபை தன்னைச் செல்வமுடையதெனக் கருதுகின்றது. பேசுபவரோ அதனை வறியது, குருடானது, ஆடையற்றது என்கிறார். கண்டனமே பெறாத சபைகள் இரண்டு: வறிய சிமிர்னாவும், வலிமை குன்றிய பிலதெல்பியாவும். பாராட்டே பெறாதது ஒன்று: செல்வமிக்க லவோதிக்கேயா. இவ்வொழுங்கு தற்செயலானதன்று. லவோதிக்கேயா நகரம் கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் அழிந்தபோது உரோமின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே மீண்டெழுந்தது எனத் தசித்து என்னும் உரோம வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். கரிய கம்பளி நெசவிலும் பணக்கொடுக்கல் வாங்கலிலும் புகழ்பெற்றது அந்நகரம். எவருடைய உதவியும் வேண்டாம் என்பது அந்நகரத்தின் பெருமை; அதுவே அங்கிருந்த சபையின் நோயுமாயிற்று.

ஊர்ச்சூழலைக் கொண்டு விளக்கும் இம்முறையிலும் எச்சரிக்கை வேண்டும். வெதுவெதுப்பான நீரைப் பற்றிய உருவகத்தை, எராப்போலியின் வெந்நீரூற்றுக்கும் கொலோசேயின் குளிர்ந்த நீருக்கும் இடைப்பட்ட லவோதிக்கேயாவின் நீர்வசதியோடு தொடர்புறுத்துதல் வழக்கம். 1986இல் வெளியான கொலின் ஹெமரின் நூல் இத்தகைய விளக்கங்களை விரிவாகத் தொகுத்தது. ஆனால் கிறெய்க் கெஸ்ரர் 2003இல் இதனை ஐயுற்று, விருந்துகளில் சூடாகவோ குளிராகவோ பானம் பரிமாறும் பொது வழக்கமே உருவகத்தின் அடிப்படை எனக் காட்டினார். அவருடைய விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. ஏழு திருமுகங்களும் ஏழு சபைகளிலும் வாசிக்கப்பட்டன எனின், எல்லா ஊரவருக்கும் விளங்கும் உருவகமே பயன் தருவதாகும்.

தியத்தீராவின் செய்தி இன்னும் ஆழமாகச் செல்கின்றது. அந்நகரத்துக் கல்வெட்டுக்கள் கம்பளித் தொழிலாளர், சாயமிடுவோர், தோல் வினைஞர், வெண்கல வினைஞர், குயவர், ரொட்டி சுடுவோர் முதலியோரின் தொழிற்சங்கங்களைக் குறிப்பிடுகின்றன. அக்காலச் சங்கங்களின் கூட்டங்களில் விருந்தும் தெய்வ வழிபாடும் இணைந்தே இருந்தன. இதனால் விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா என்ற வினா ஒரு வினைஞனுக்கு வயிற்றுப்பாட்டின் வினாவாகவும் இருந்திருக்க வேண்டும். விருந்தை மறுப்பவன் சங்கத்தை இழப்பான். சங்கத்தை இழப்பவன் தொழிலையும் இழக்க நேரும். உண்ணலாம் என்று போதித்த ஒரு பெண்ணைத் திருமுகம் யேசபேல் என இகழ்கின்றது. பேரரசின் செழிப்பில் எவ்வளவு பங்குகொள்ளலாம் என்பதே இங்கு உண்மையான வழக்கு. இதே வழக்குத்தான் பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனின் வீழ்ச்சியாகப் பேருருவம் கொள்கின்றது. அங்கு வணிகர் அழுது பட்டியலிடும் சரக்குகள் பொன்னில் தொடங்கி அடிமைகளான மனித உயிர்களில் முடிகின்றன. தியத்தீராவின் விருந்து மேசையையும் உரோமின் சந்தையையும் ஒரே கண் காண்கின்றது.

டொமிற்றியன் காலத்தில் எங்கும் கொடிய அடக்குமுறை நிலவியது என்ற பழைய கருத்தை லெனாட் தொம்சன் 1990இல் வெளியிட்ட நூலில் வலுவாக மறுத்தார். இத்திருமுகங்களும் அதற்கு இடமளிக்கின்றன. கொல்லப்பட்டவராகப் பெயர் சுட்டப்படுபவர் பெர்கமுவின் அந்திப்பா ஒருவரே. சிமிர்னாவுக்குச் சிறை வரவுள்ளது எனக் கூறப்படுகின்றது. துன்பம் இருந்தது; ஆனால் அது எங்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. சர்தைக்கும் லவோதிக்கேயாவுக்கும் துன்பமே குறிக்கப்படவில்லை. அவற்றின் ஆபத்து வசதியும் உறக்கமுமே. எனவே யோவான் வாளை மட்டும் அஞ்சியவர் அல்லர். விருந்தையும் அஞ்சியவர் எனலாம்.

இந்நூலைப் போற்றுவோர் அதன் கடுமையை மறைத்தல் ஆகாது. உண்ணல் பற்றிய வினாவிற் கொரிந்தியருக்கு எழுதிய பவுல் பெருமளவு நெகிழ்ச்சி காட்டினார். சந்தையில் வாங்கும் இறைச்சியைப் பற்றி விசாரிக்கவேண்டியதில்லை என்பதும், பிறர் மனச்சாட்சிக்கு இடறலாகாது என்பதும் அவருடைய நிலைப்பாடு. தியத்தீராவின் அப்பெண் பவுலின் சுதந்திரத்தை நீட்டிப் போதித்தவளாகவும் இருக்கலாம். அவளுடைய வாதம் நமக்குக் கிடைக்கவில்லை. எதிராளி இட்ட இகழ்ப்பெயர் மட்டுமே கிடைத்துள்ளது. இதனினும் துயரமானது, சிமிர்னாவிலும் பிலதெல்பியாவிலும் இருந்த யூதரைச் சாத்தானின் கூட்டம் எனச் சாடும் தொடரின் பிற்கால வரலாறு. எழுதியவரும் யூத மரபில் ஊறியவரே. தம்மைவிட வலிய ஓர் உள்ளூர்ச் சமூகத்தோடு பிணங்கிய சிறு குழுவின் குரல் அது. கிறிஸ்தவம் ஆட்சிமதமானபின், அத்தொடர் சிறுபான்மையினரான யூதருக்கு எதிராக எடுத்தாளப்பட்டது. ஊரையும் காலத்தையும் நீக்கிவிட்டுத் திருமுகங்களை வாசிப்பதால் விளையும் தீங்குக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இறுதியாக, வாசிப்பு முறை பற்றிய ஓர் அகச்சான்று உண்டு. நூலின் தொடக்கத்தில் வாசிப்பவர் ஒருவரும் கேட்பவர் பலரும் வாழ்த்தப்படுகின்றனர். இது சபையின் நடுவே உரக்க வாசிக்க எழுதப்பட்ட நூல். மேலும் ஒவ்வொரு திருமுகமும் ஒரு சபையை விளித்துத் தொடங்கினாலும், கேட்குமாறு விடுக்கும் அழைப்பு சபைகள் எனப் பன்மையிலேயே அமைகின்றது. அதாவது சர்தையின் உறக்கம் எபேசுவில் வாசிக்கப்பட்டது. சிமிர்னாவின் வறுமைக்குக் கிடைத்த பாராட்டை லவோதிக்கேயாவின் செல்வர் அமர்ந்து கேட்டனர். எந்தச் சபையும் தன் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பிறர் கண்டனத்தை ஒதுக்கிவிட முடியாது. பிறருக்குரிய கண்டனத்தைக் கேட்டு மகிழவும் முடியாது. ஏனெனில் தனக்குரியதும் அதே மண்டபத்தில் வாசிக்கப்படவிருக்கின்றது. இத்திருமுகங்கள் எல்லாக் காலத்துக்கும் பொருந்துமாயின், அப்பொருத்தம் இந்தப் பொது வாசிப்பிலிருந்தே பிறக்கின்றது.

யுக அட்டவணை இதற்கு நேர்மாறாகச் செயற்படுகின்றது. தியத்தீரா உரோமாபுரிக்கு, சர்தை இன்னொரு சபைக்கு, பிலதெல்பியா நமக்கு என அது பங்கிட்டுக் கொடுக்கின்றது. பங்கிட்டபின் ஒவ்வொருவரும் தமக்குரிய ஒன்றையே கேட்கின்றனர். அதுவும் பெரும்பாலும் பாராட்டாகவே அமைந்துவிடுகின்றது. தீர்க்கதரிசனம் என்ற சொல்லைத் தொலைவிலுள்ள ஆண்டுகளைக் கணிப்பதாகக் கொண்டதன் விளைவு இது. யோவானுடைய தரிசனமோ, கண்ணுக்கெட்டிய சபைகளின் பொருளாதாரத்தையும் அச்சத்தையும் தற்பெருமையையும் ஊடுருவிக் காண்பது; கண்டதை உரியவர் முன்னிலையிலேயே கூறுவது. மேசையைச் சுற்றி யார் அமர்ந்துள்ளனர், அதற்கு யார் விலை கொடுக்கின்றனர் என வினவுவது. இத்திருமுகங்களை இறைவாக்காகப் படிக்க விழைபவர் எந்த யுகத்தில் வாழ்கிறோம் எனக் கணக்கிடுவதை விடுத்து, ஏழையும் ஒருசேரக் கேட்பதே முறை. விசுவாசியாக அன்றி இலக்கிய மாணவராக அணுகுபவர்க்கும் பாடம் அதனையே வேண்டி நிற்கின்றது.